பனியனுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?

சொற்களின் வரலாறு எழுத வரும் புதியவர்களின் குறிப்புகளைத் திருத்துவது என் வேலை. ஆடைச் சொற்கள் என்றால் எல்லாரும் அதே நான்கு இடங்களில்தான் வழுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, சந்திப்பிழையை விடுங்கள், அவற்றை ஒரு கோட்டில் சரிசெய்துவிடலாம்.

ஒலி ஒத்துப்போனால் கதை கட்டுவது

"பனியிலிருந்து உடம்பைக் காப்பதால் பனியன்." இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வியர்வையை உறிஞ்சச் சட்டைக்குள் போடுகிற, பாதிக்குப் பாதி கையே வைக்காமல் தைக்கிற ஒன்றை எந்த மார்கழிக் குளிருக்கு யார் நம்பினார்கள்?

உண்மைக் கதை இதைவிடச் சுவையானது. குஜராத்தியில் வியாபாரிக்கு 'வாணியோ' என்று பெயர். அது போர்ச்சுகீசியர், ஆங்கிலேயர் வாயில் 'பனியன்' ஆனது. அப்போது அது ஆளைக் குறித்த பெயர். அப்புறம் அவர் போட்ட ஆடைக்கு ஏறியது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் மாட்டிக்கொண்ட தொளதொள அங்கியும் பனியன்தான். ஆங்கிலேயர் வாயில் புழங்கிய இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் வியாபாரி, உள்சட்டை இரண்டு பொருளும் இருக்கின்றன. முதலில் மஸ்லினில் இருந்தது, இப்போது இழுபடும் துணியில் வருகிறது என்ற குறிப்போடு. அந்த உள்சட்டைதான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து, திருப்பூரில் 'பனியன் கம்பெனி' ஆகியிருக்கிறது.

ஒரு சிற்றிதழ் பனிக் கதையை அப்படியே அச்சிட்டுவிட்டது. அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் திருத்தம் போட்டார்கள். அதை யார் படித்தார்கள்? பனிக் கதை மட்டும் படமாகி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சமீபத்தில் ஒருவர் அதையே எனக்கு 'ஆதாரம்' என்று அனுப்பினார்!

சொல்லைப் பிரித்துப் பார்க்கும் முன் இதைத் தேடுங்கள்: அது முதலில் எப்போது எழுத்தில் கிடைக்கிறது, அப்போது எதைக் குறித்தது?

இன்றைய பொருளைப் பழைய வரியில் திணிப்பது

பழைய எழுத்தில் 'பாவாடை விரித்தார்கள்' என்று வந்தால் அது இடுப்பில் கட்டுவது அல்ல. பாவுதல் என்றால் பரவுதல். பெரியவர்கள் நடந்துவரத் தரையில் விரித்த துணி அது. நடைபாவாடை என்றே ஒரு சொல் உண்டு.

கடன்சொல்லுக்கு ஆங்கிலப் பொருளையே எழுதுவது

ஜாக்கெட். ஆங்கிலத்தில் அது கோட்டு மாதிரி மேலே போடுவது, நம்மிடம் புடவைக்குப் போடும் ரவிக்கை. தையற்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

வேட்டிச் சண்டையில் ஒரு கட்சியை மறைப்பது

வெட்டியதால் வேட்டி என்பார்கள் சிலர். சுற்றுதலைக் குறிக்கும் வடமொழி 'வேஷ்ட்' என்பார்கள் வேறு சிலர். துணித்தலிலிருந்து துணியும், அறுத்தலிலிருந்து ஆடையைக் குறிக்கும் பழஞ்சொல் அறுவையும் பிறந்தவை என்பதால் முதல் கட்சிக்குக் கொஞ்சம் தெம்பு. ஆனால் தெம்பு தீர்ப்பாகாது. இரண்டையும் எழுதிவிட்டு உங்கள் சாய்வைத் தனியாகச் சொல்லுங்கள்.