நாடகம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்: நாலு பேர் தூக்கிவிட்டால் போதுமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி அரங்கில் நாடகம் போட்டோம். வாசலில் ஏழு படி. சக்கர நாற்காலியில் ஒரு அண்ணன் வந்திருந்தார். "ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே, நாலு பேர் தூக்கிடுறோம்" என்று அப்படியே தூக்கினோம். இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மெதுவாப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே திருப்தி. நாடகம் முடிந்து டீ நீட்டினால் வேண்டாம் என்கிறார், தண்ணீரும் வேண்டாமாம். அப்புறம்தான் சொன்னார், இந்த மாதிரி இடத்தில் கழிப்பறைக்குப் போக முடியாது என்று தெரியும், அதனால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை என்று.

அதற்குப் பிறகு அரங்கம் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது கழிப்பறையைத்தான். வாடகை, லைட், சவுண்ட் எல்லாம் பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, நாடகத்துக்கு முதல் நாள் "ஆமா, சாய்தளம் இருக்கா?" என்று கேட்பதுதான் நம் குழுக்கள் செய்கிற முதல் தவறு. அதற்குள் எதையும் மாற்ற முடியாது. சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்தும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு முன்பே போய்ப் பாருங்கள், நம் கண்ணுக்குப் படாத பத்து விஷயம் அவர் கண்ணுக்குப் படும். சாய்தளம் இருக்கிறது என்று மேனேஜர் சொன்னால் அதை நம்பி வந்துவிடாதீர்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் யாருடைய உதவியும் இல்லாமல் ஏற முடியும். பல இடங்களில் இருப்பது சாமான் வண்டி ஏற்றப் போட்ட சறுக்கல். மாற்றுத்திறனாளி கழிப்பறை என்று பலகை மாட்டிய கதவைத் திறந்தால், உள்ளே உடைந்த நாற்காலியும் பழைய பேனரும் அடுக்கி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கேட்டதும் அரை மணி நேரத்தில் காலி செய்து கொடுத்தார்கள். அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது மேடை. பார்வையாளர் வரும் வழியை எப்படியோ சரி செய்துவிடுகிறோம், மேடைக்கு ஏறும் ஐந்து படியை அப்படியே விட்டுவிடுகிறோம். மாற்றுத்திறனாளி என்றால் பார்க்க மட்டும்தான் வருவார், நடிக்க வரமாட்டார் என்று நாமே முடிவு கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. 3 அடி மேடைக்கு 36 அடி சாய்தளம் வேண்டும், அதற்குச் சின்னக் குழுவிடம் காசு கிடையாது, சரி. ஆனால் மேடை எதற்கு? தெருக்கூத்து காலங்காலமாகத் தரையில்தானே நடக்கிறது, சனம் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறது. தரையில் நடிக்கிற மாதிரி நாடகத்தை அமைத்துவிட்டால் அந்தச் செலவே இல்லை. எல்லாரையும் ஜமுக்காளத்தில் உட்கார வைப்பதும் தப்பு, முட்டி வலிக்காரர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள், அதனால் நாற்காலியும் போடுங்கள். சக்கர நாற்காலிக்காரரை நடைபாதையில் தனியாக நிறுத்தாமல், ஒரு வரிசையில் இரண்டு நாற்காலியை எடுத்துவிட்டால் கூட வந்தவரோடு சேர்ந்தே பார்ப்பார்.

சைகை மொழிபெயர்ப்பாளரை அழைப்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அவரை ஓரத்தில் இருட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அவர் கை தெரியாவிட்டால் அவர் நின்று என்ன பயன்? மற்ற லைட் அணைந்தாலும் அவர் மேல் ஒரு சின்ன லைட் இருக்கட்டும், காது கேளாதவர்களுக்கு அந்தப் பக்கமே இடம் ஒதுக்குங்கள், அவர் கையில் வசனப் பிரதி ஒரு வாரத்துக்கு முன்பே இருக்கட்டும். பார்வையற்றவர்கள் வந்தால் அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, அரங்கப் பொருட்களையும் உடைகளையும் தொட்டுப் பார்க்க விடுங்கள், நடிகர்கள் தங்கள் குரலிலேயே பாத்திரத்தை அறிமுகம் செய்யட்டும். பைசா செலவில்லை.

இதெல்லாம் செய்துவிட்டு அறிவிப்பை வெறும் படமாக வாட்ஸ்அப்பில் போட்டால், எழுத்தை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் போனில் வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு அது பெரும்பாலும் போய்ச் சேராது. கீழே எழுத்தாகவும் போடுங்கள். எத்தனை படி, கழிப்பறை எப்படி, பளிச் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் லைட்டோ புகையோ உண்டா என்பதும் அதில் இருக்கட்டும். வலிப்பு, வீசிங் இருப்பவர்களுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

பின்கதவைப் பூட்டும் பழக்கம் எனக்குப் பெரிய பயம். டிக்கெட் இல்லாமல் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று பூட்டுகிறோம், கூட்டம் அதிகமானால் நடைபாதையிலும் நாற்காலி போடுகிறோம். 1997-ல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள், புகையில் மூச்சுத் திணறி. பால்கனியில் கூடுதல் சீட் போட்டு ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்தார்கள். நம் அரங்கில் துணிப் படுதாவும், சுடும் லைட்டும், ஒரே ஜங்ஷன் பாக்ஸில் ஆறு ஒயரும் இருக்கின்றன. கதவுக்கு ஒரு ஆளை நிறுத்துங்கள், பூட்டு வேண்டாம்.

ஆனால் ஆபத்து அதிகம் இருப்பது ஒத்திகையில். "நடிகனுக்குக் கூச்சமே இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டு, கேட்காமல் தொடுவது, அடிப்பது, அழ வைப்பது எல்லாம் பயிற்சி என்ற பெயரில் நடக்கிறது. தொடும் காட்சி என்றால் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொன்னவரின் பாத்திரத்தைப் பறிக்கக் கூடாது.

"நாமெல்லாம் ஒரே குடும்பம், புகார்ப் பெட்டி எதற்கு?" என்பார்கள். 2013-ம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சம்பளமில்லாமல் வேலை செய்பவரையும் பணியாளர் என்றே சொல்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், 10-க்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. புகார் கொடுக்க 3 மாதம் அவகாசம், தக்க காரணம் இருந்தால் நீட்டிப்பார்கள். இதை ஒத்திகையின் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். யாரிடம் போவது என்பதில் இயக்குநர் பெயர் மட்டும் இருந்தால் போதாது, அவர் மேலேயே புகார் இருந்தால்? குழுவில் 18 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வருகிறது, குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

யாருக்கு என்ன வேடம் என்பதையும் பாருங்கள். கறுப்பாக இருப்பவருக்கு எப்போதும் அடியாள், பறை அடிப்பவருக்குத் தொடக்கத்தில் பத்து நிமிடம், திருநங்கை என்றால் ஆண் ஒருவர் சேலை கட்டிக்கொண்டு சிரிப்புக் காட்டுவது. திருநங்கை நடிகையான லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் 'பன்மை' என்று நாடகக் குழு தொடங்கித் தங்கள் கதையைத் தாங்களே மேடையேற்றிய ஊர் இது. நடிக்க ஆள் இல்லை என்று இனியும் சொல்ல முடியாது.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து ஒத்திகையை முடியுங்கள். இரவு பத்தரை வரை இழுத்துவிட்டு "பார்த்துப் போம்மா" என்று சொன்னால், அந்தப் பெண் அடுத்த நாடகத்துக்கு வரமாட்டார். ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார்.