குருளையர், நீலப்பறவையர் பிள்ளைகளை ஊர் வேலையில் இறக்குவது எப்படி?

பிள்ளையைப் பள்ளியில் சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவில், பையன் என்றால் குருளையர், பெண் என்றால் நீலப்பறவையர் என்று சேர்த்தாயிற்று, ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஆசையாகத்தான் போகிறது, ஆனால் குடியரசு தின அணிவகுப்பைத் தாண்டி ஒன்றும் நடக்கக் காணோமே என்று கேட்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எடுக்கும் உறுதிமொழியிலேயே தினமும் ஒரு நற்செயல் செய்வேன் என்று இருக்கிறது. அதற்கு முகாமோ பேனரோ தேவையில்லை, உங்கள் தெரு போதும்.

முதலில் ஒரே ஒரு வேலை கொடுங்கள். அது தினமும் செய்கிற மாதிரி இருக்க வேண்டும், முழுக்க அந்தப் பிள்ளையின் பொறுப்பாகவும் இருக்க வேண்டும், செய்யாவிட்டால் யாருக்காவது குறை தெரிய வேண்டும். கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது நல்ல தொடக்கம். அகலமான மண்சட்டியாகப் பாருங்கள், நிழலில், பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் சட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, அப்புறம்தான் புதுத் தண்ணீர். டெங்கு பரப்பும் கொசு சட்டி ஓரத்தில்தான் முட்டையை ஒட்டிவைக்கும், கொட்டினால் மட்டும் போகாது. இந்தக் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் நீங்கள் தினமும் நினைவுபடுத்த வேண்டியிருக்காது. பள்ளி நாட்களில் என்றால், கண் மங்கிய பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் சாயங்காலம் செய்தித்தாளில் ஒரு செய்தி வாசித்துக் காட்டலாம், நீங்களும் கூட இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிக்கும், குறுக்கே புகுந்து நீங்கள் வாசித்துவிடாதீர்கள்.

ஸ்கார்ஃப் நுனியில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு, அன்றைய நற்செயலைச் செய்தபின் அவிழ்க்கிற பழைய சாரணர் வழக்கம் ஒன்று உண்டு. சீருடை போடாத நாளில் கைக்குட்டையில் போட்டுக்கொள்ளலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போகும்.

வீட்டருகே வேலை பழகியபின் குழுவாகச் செய்ய வேண்டியது வரும். என்னைக் கேட்டால் நம் ஊருக்குப் பனை விதை நடுவதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். பிள்ளைகள் பொறுக்கி வரட்டும், ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். சதை அழுகிக் கழன்றபின் விதையை எடுத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் நட்டுவிட வேண்டும். ஏரிக்கரை என்றால் ஊராட்சியிடம் முன்பே கேளுங்கள். சில ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும், அங்கே அவர்களிடமும் அனுமதி வாங்க வேண்டும். பத்தடிக்கு ஒரு குழி, ஓர் அடி ஆழம். கடப்பாறை பெரியவர்கள் கையில், விதை வைத்து மண் தள்ளி மிதிப்பது பிள்ளைகள் வேலை. எல்லோரும் ஷூ போட்டிருக்க வேண்டும், கரையின் தண்ணீர்ப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது, புதருக்குள் கை விடக் கூடாது. ஆறு பிள்ளைகள் கொண்ட ‘சிக்ஸ்’ என்ற சிறு குழுவுக்கு ஒரு பெரியவர் இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் மொத்தத்தில் இரண்டு பெரியவர்களுக்குக் குறைந்து எங்கேயும் போகாதீர்கள். பனை முதலில் கீழே கிழங்கைத்தான் இறக்கும், மேலே ஒன்றும் தெரியாமல் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள், அதனால் கிளம்பும்போதே இதைச் சொல்லிவிட்டு, சில மாதம் கழித்துக் குருத்து பார்க்க அதே இடத்துக்கு அழைத்துப் போங்கள். நட்ட அன்று எடுக்கிற போட்டோவைவிட இந்த இரண்டாவது பயணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஆனால் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

நீர்மோர்ப் பந்தலிலும் நிறுத்தலாம். டம்ளர் எடுத்துக் கொடுப்பது, வயதானவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது நன்றாகவே செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் போதும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. சின்னப் பிள்ளைகளை உண்டியல் கொடுத்து வசூலுக்கு அனுப்பாதீர்கள். போக்குவரத்தை ஒழுங்கு செய்ய ரோட்டில் நிறுத்தாதீர்கள். குப்பை பொறுக்கும் வேலை என்றால் உடைந்த கண்ணாடியும் ஊசியும் கிடக்கக்கூடிய இடம் வேண்டவே வேண்டாம். பள்ளி வளாகம், கோயில் பிராகாரம் போல முன்கூட்டியே பார்த்து வைத்த இடமாக இருக்கட்டும், கையுறை கட்டாயம். முதியோர் இல்லத்துக்குப் போனால் அங்கே இருப்பவர்களின் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். பொங்கல் பொட்டலத்தைப் பிள்ளை நீட்ட, பாட்டி வாங்குகிற படம் நமக்குப் பெருமையாக இருக்கலாம், அந்தப் பாட்டிக்கு அப்படி இருக்காது.

பிள்ளைக்கு ஒரு நாள் மனமில்லை என்றால் திட்ட வேண்டாம். வேலையைச் சின்னதாக்குங்கள், நீங்களே செய்து முடித்துவிட்டுப் பிள்ளை செய்ததாகப் பதிவேட்டில் மட்டும் எழுதாதீர்கள்.

பள்ளியில் இந்தப் பிரிவே இல்லையா? சாரணர், சாரணியர் மட்டும் இருந்தால் தலைமையாசிரியரிடம் தொடக்க வகுப்புகளுக்கும் ஆரம்பிக்கக் கேளுங்கள். 1916இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இந்தச் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு கொண்டுவந்ததே, அண்ணன்மார் பின்னால் தம்பிகளும் நாங்களும் வருவோம் என்று நின்றதால்தான். பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் முன்வந்தால் பாரத சாரண சாரணியர் மாவட்ட அலுவலகத்தில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். அதுவரை தெருவில் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சட்டி கழுவுவதை ஆரம்பித்துவிடுங்கள், அதற்குச் சீருடை தேவையில்லை.