ரோமன் காயின் சேக்குறீங்களா? மொதல்ல அந்த புளிய கீழ வைங்க

பழைய ரோமன் காயின் கைக்கு வந்ததும் பாதி பேர் பண்ற முதல் வேலை அத பளபளன்னு ஆக்குறதுதான். புளி, எலுமிச்சை, விளக்கு தேய்க்கிற பவுடர், டூத்பேஸ்ட்னு கெடச்சத போட்டு தேச்சுட்டு போட்டோ வேற போடுவாங்க, பாத்தாலே வயிறு எரியும். வெண்கல காசு மேல 1600, 1700 வருஷமா படிஞ்ச பச்சையோ பழுப்போ கருப்போ இருக்குல்ல, அது அழுக்கு இல்லீங்க, உலோகத்தோட மேல்பக்கமே மாறி உண்டானது, முகமும் எழுத்தும் பல சமயம் அந்த படலத்துலதான் நிக்கும். அத உரிச்சா அடியில குழி குழியா செம்பு கலர்தான் மிஞ்சும், விலையும் போச்சு. மண்ணு ஒட்டியிருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல ஊற போடுங்க, தண்ணிய மாத்திட்டே இருங்க, வாரக்கணக்குல ஆனாலும் பரவால்ல, அப்புறம் பல்குச்சி வச்சு மெதுவா எடுங்க.

ஆனா எல்லா பச்சையும் நல்ல பச்சையும் இல்ல. வெளிர் பச்சையா திட்டு திட்டா வந்து, குச்சி பட்டதும் மாவா உதிர்ந்தா அது ப்ரான்ஸ் டிசீஸ். உள்ள இருக்கற குளோரைடும் காத்து ஈரமும் சேந்து காச அரிச்சுட்டே போகும், சென்னை மாதிரி கடலோர ஊர்ல இருக்கறவங்க இத கண்டிப்பா பாக்கணும். உடனே தனியா எடுத்து வைங்க, டப்பாவுல சிலிக்கா ஜெல் போடுங்க. பிவிசி கவரும் வேண்டாம், நாளாக ஆக அதுவே பச்சையா பிசுபிசுன்னு காசுல ஏறும்.

அடுத்தது போலி. ரோமப் பேரரசர் டைபீரியஸோட டெனாரியஸ்ங்கற வெள்ளிக்காசு இருக்கு, பின்பக்கம் ஒரு பொம்பள உக்காந்திருப்பாங்க, பைபிள்ல வர்ற வரிக்காசு இதுதான்னு சொல்றதால உலகம் பூரா டிமாண்ட், அதனாலயே போலியும் ஜாஸ்தி. நம்ம கோயம்புத்தூர், கரூர் பக்கம் இந்த டைப் நெஜமாவே நெறைய கெடச்சிருக்கு, அத வச்சே 'எங்க வயல்ல கெடச்சது சார்'னு கதை விடுவாங்க. கதைய வாங்காதீங்க, காச பாருங்க. எடை 3.7 கிராம் பக்கம் இருக்கணும். லென்ஸ்ல விளிம்ப சுத்தி பாருங்க, வார்ப்பு கோடு, பொடி பொடியா குமிழி குழி, மழுங்குன எழுத்து இருந்தா அச்சுல ஊத்துனது. அசல் காசு ஒவ்வொண்ணும் சுத்தியால அடிச்சு எடுத்தது, அதனால ரெண்டு காசுல ஒரே எடத்துல ஒரே விளிம்பு விரிசல், ஒரே தேய்மானம் வரவே வராது, வந்தா ஒண்ணாவது டூப்ளிகேட். எடை கம்மின்னு மட்டும் தூக்கி போட்றாதீங்க, செம்பு மேல வெள்ளி முலாம் பூசி அந்த காலத்துலயே ஏமாத்தியிருக்காங்க, அதுக்குன்னே சேக்குறவங்க இருக்காங்க.

பழசுன்னா விலை ஜாஸ்தின்னு நெனைக்கிறது இன்னொண்ணு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்து சின்ன வெண்கல காசு ஏகப்பட்டது அடிச்சு தள்ளியிருக்காங்க, அத 'ரேர்'னு சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. முகத்த பாத்து பேர் சொல்லவும் வேண்டாம், கான்ஸ்டன்டினஸ், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ் எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். எழுத்த படிங்க, பின்பக்கம் அடியில மின்ட் மார்க் பாருங்க, எந்த ஊர்ல அடிச்சதுன்னு சொல்ற எழுத்து அது, எஸ்ஐஎஸ் (SIS) இருந்தா சிஸியாங்கற ஊரு, இன்னைக்கு குரோஷியாவுல இருக்கு. அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டியோட ஓக்ரே (OCRE)ங்கற ரோமன் காசு பட்டியல் ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு, அதுல தேடிட்டு அப்புறமா காச கொடுங்க.

வெட்டு இருக்குன்னு ஒதுக்கறதும் எனக்கு புடிக்காது. 1898ல புதுக்கோட்டை பக்கம் கெடச்ச 501 ரோமன் தங்க காசுல பெரும்பாலானதுல பேரரசர் தலை மேலயே உளி வெட்டு இருக்கு, புழக்கத்துல இருந்து எடுக்கறதுக்குன்னு சொல்றாங்க. அந்த வெட்டுதான் அது இந்தியா வந்ததுக்கே சாட்சி. அதே மாதிரி காசு எங்கேருந்து வந்ததுன்னு சொல்ற பழைய சீட்டு, கவர், ஏல நம்பர் எதையும் தூக்கி போடாதீங்க.

கடைசியா சட்டம். மண்ணுல புதையலா கெடச்சது 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா 1878 சட்டப்படி கலெக்டர்கிட்ட சொல்லணும், 1972 தொல்பொருள் சட்டப்படி நீங்க வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது, நண்பருக்கு கிஃப்ட்னு பார்சல் போட்டாலும் அதேதான்.