பின் ஆக்சிலில் ஆயில் கசிகிறதா? முதலில் பிரீதரைப் பாருங்கள்

தனுஷ்கோடி ரோட்டில் பழைய எம்ஜி, ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு: பின்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்தால் உடனே சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) மாற்றாதீர்கள். ஆக்சில், அதாவது பின்சக்கர அச்சு இருக்கும் குழாயின் மேலே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிரீதர், அதாவது உள்காற்று வெளியேறும் மூடி, இருக்கும். நம் கடற்கரை மணலும் உப்பும் அதை அடைத்துவிடும். ஓட ஓடச் சூடேறி, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். என் வண்டியில் இரண்டு முறை சீல் மாற்றியும் நிற்காத கசிவு, பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெல்லிய கம்பியால் குத்தியதும் நின்றது.

ஆக்சில் ஆயிலின் அளவையும் பாருங்கள்: வண்டியைச் சமதரையில் நிறுத்தினால், ஆயில் நிரப்பும் துளையின் விளிம்பு வரைதான் இருக்க வேண்டும்.

அப்படியும் கசிந்தால் சீல்தான். அச்சில் சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டினால் புதுச் சீலும் தாங்காது. ஆயில் குடித்த பிரேக் ஷூவைக் கழுவி மாட்டவே மாட்டாதீர்கள், புதிதாகப் போடுங்கள்.