விசைப்படகு இன்ஜின்: தண்ணீரையும் கரண்டையும் சேர்த்தே கவனியுங்கள்

கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டிலோ படகு கட்டியிருக்கும்போது இன்ஜின் சூடானால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடலாம். 40 பாக ஆழத்தில் வலை இறங்கியிருக்கும்போது சூடானால் துணைக்கு இருப்பவை இரண்டு முட்கள்தான்: டெம்பரேச்சர் மீட்டர், வோல்ட் மீட்டர். பலரும் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்த்தால், எந்த இடத்தில் கோளாறு என்பது பாதி தெரிந்துவிடும்.

காரணம் பெல்ட். பல இன்ஜின்களில், இன்ஜினுக்குள் சுற்றிச் சூட்டை எடுக்கும் கூலண்டின் பம்பையும், பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. உங்கள் இன்ஜினில் எந்த பெல்ட் எதைச் சுற்றுகிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெல்ட் என்றால், சூடு ஏறி வோல்ட்டும் இறங்கினால் அது அறுந்துவிட்டது அல்லது வழுக்குகிறது. உடனே கியரை நியூட்ரலில் போட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும். சூடான கூலண்டை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற குழாய்ப் பெட்டியில் ஆறவைப்பது கடல் தண்ணீர்தான். அதனால் சூடு மட்டும் ஏறி வோல்ட் சரியாக இருந்தால் கடல் தண்ணீர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். வோல்ட் மட்டும் இறங்கினால் டைனமோ அல்லது வயர். ஓடிக்கொண்டிருக்கும்போது சூட்டு முள் திடீரெனக் கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏன் என்று பின்னால் வருகிறது.

முதலில் உங்கள் இன்ஜினின் சரியான அளவுகள் கையில் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் எல்லாவற்றையும் சுத்தம் செய்து முடித்ததும், முதல் ஓட்டத்தில் வழக்கமான ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓட்டி, சூடு எவ்வளவு, வோல்ட் எவ்வளவு, வெளியேறும் கடல் தண்ணீர் எவ்வளவு என்று வீல்ஹவுஸ் பலகையில் பெயின்டால் எழுதிவிடுங்கள். பொதுவாக சூடு 75 முதல் 90 டிகிரிக்குள் நிற்கும். ஆனாலும் உங்களுக்குப் பயன்படுவது உங்கள் படகின் அளவுதான். எப்போதும் 80இல் நிற்கும் முள் 87க்குப் போனால், சிவப்புக் கோட்டைத் தொடாவிட்டாலும் அது ஒரு செய்தி.

கடல் தண்ணீரை அளக்க 20 லிட்டர் வாளி போதும். ஐடிலில் ஓடும்போது அவுட்லெட் குழாயின் கீழ் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். புது இம்பெல்லரில் (கடல் தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்) எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால், நாலில் ஒரு பங்கு நேரம் கூடியிருந்தாலே ஸ்ட்ரெய்னரை (கடல் தண்ணீர் வடிகட்டி) திறக்க வேண்டும். நம் முகத்துவாரங்களில் மணல் தூர்ந்து கிடப்பதால், குறைந்த தண்ணீரில் வரும்போது சேறும் மணலும் உள்ளே இழுக்கப்படும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும், கடலில் சில நாட்களில் சொறியும் (ஜெல்லி மீன்) வந்து அடைக்கும். மணல் இம்பெல்லர் இதழ்களையும் தேய்க்கும். கழற்றிப் பார்க்கும்போது இதழின் அடியில் கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு இதழ் குறைந்தால் அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காமல் மூடக் கூடாது. அது பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில்தான் சிக்கியிருக்கும். புது இம்பெல்லரைப் போடும்போது கிரீஸ் தடவாதீர்கள், பெட்ரோலியம் ரப்பரை ஊதவைக்கும். கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ போதும். கடல் வால்வு மூடியிருக்க இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் சீக்கிரமே கெட்டுவிடும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளே உப்பு படிந்திருக்கிறதா என்று கழற்றாமலே பார்க்கலாம். தூரத்திலிருந்து சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னை வாங்கி வையுங்கள். பளபளப்பான பித்தளை மேல் அது குறைத்துக் காட்டும். அதனால் அளக்கும் இடத்தில் கருப்பு மேட் பெயின்டில் ஒரு பொட்டு வைத்து, எப்போதும் அதன் மேலேயே அளக்கவும். நம் கடல் தண்ணீர் 28–30 டிகிரியில் உள்ளே போகிறது. வெளியேறும்போது 55 டிகிரியைத் தாண்டினால் உப்பும் சுண்ணாம்பும் வேகமாகப் படியும். தண்ணீர் வழக்கம்போல் வந்தும் இன்ஜின் சூடாகிறது, ஆனால் வெளியேறும் தண்ணீரின் சூடு கூடவில்லை என்றால், எக்ஸ்சேஞ்சர் சூட்டைக் கடத்தவில்லை. குழாய்களைச் சுத்தம் செய்யும் வேலை வந்துவிட்டது. உள்ளே இருக்கும் துத்தநாகக் கட்டை பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

கூலண்ட் பனிக்காகத்தானே, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. கடலோர போர் தண்ணீரில் உப்பும் கடினமும் அதிகம். அதை ஊற்றினால் சிலிண்டரைச் சுற்றிப் பாறைபோல் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலக்கவும். சூடு குறையட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அது இல்லாவிட்டால் கூலண்டில் ஒரு பகுதி எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே திரும்பிவிடும், லோடில் சூடு கூடத்தான் செய்யும்.

வெளியே கசிவு இல்லாமல் கூலண்ட் குறைகிறதா? எக்ஸ்சேஞ்சர் குழாயில் ஓட்டை இருக்கலாம். ஓடும்போது மூடியின் அழுத்தத்தால் கூலண்ட் கடலுக்குப் போகும், ஆறும்போது அதே ஓட்டை வழியே உப்புத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். நாக்கில் வைத்து உப்பு பார்க்காதீர்கள், கூலண்ட் விஷம்.

இப்போது தண்ணீரும் கரண்டும் சந்திக்கும் இடம். இன்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பு முனையை கூலண்டுக்குள் விடுங்கள், இரும்பில் படக் கூடாது. எல்லா ஸ்விட்சும் ஆஃப். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.5ஐத் தாண்டினால் கூலண்டின் துரு எதிர்ப்புச் சக்தி போய்விட்டது, மாற்றுங்கள். அடுத்து எக்கோ சவுண்டர் (ஆழம் காட்டும் கருவி), ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ, விளக்குகள் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். கடைசியாக ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். எந்த ஸ்விட்சைப் போட்டதும் எண் குதிக்கிறதோ, அந்த லைனின் எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கெட்டிருக்கிறது, கரண்ட் கூலண்ட் வழியாகத் திரும்புகிறது. இப்படி ஓடினால் அலுமினியமும் எக்ஸ்சேஞ்சர் குழாயும் அரித்துப் பொடிப்பொடி ஓட்டையாகும். பாகத்தை மட்டும் மாற்றி எர்த்தைச் சரிசெய்யாவிட்டால் புதிய பாகமும் அதே வழியில் போகும்.

கெட்ட எர்த் மீட்டரையும் பொய் சொல்ல வைக்கும். சூட்டு சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் சூடு ஏற ஏறக் குறையும். ஒற்றை வயர் சென்சார் என்றால் எர்த் அதன் மரை வழியாகத்தான். கசிவுக்காக அந்த மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் ரெசிஸ்டன்ஸ் கூடி, முள் குறைவாகக் காட்டும். வயர் அறுந்தால் முள் ஜில்லென்று கீழே நிற்கும், வயர் உரசி இரும்பில் பட்டால் உச்சிக்கு ஏறும். விளக்கைப் போட்டதும் சூட்டு முள் அசைந்தால் எர்த் சந்தேகம்தான். கூலண்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும், முள் இறங்கும். அந்த நேரத்தில் உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் விழும் முள்ளுக்குப் பயப்பட வேண்டும். ஆயில் பிரஷர் அலாரம் போல, கூலண்ட் மட்டத்துக்கும் தனி அலாரம் வைப்பது காசுக்குத் தகும்.

பேட்டரி கணக்கு சுருக்கமானது. 24 வோல்ட் படகில், இரவு முழுக்க ஓய்வாக இருந்த பிறகு 25.2க்கு மேல் என்றால் முழு சார்ஜ், 24.4 என்றால் பாதி. ஓடும்போது 27.6 முதல் 28.8. அதற்கு மேல் 29.6ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும். செல்ஃப் அடிக்கும்போது 19.2க்குக் கீழே இறங்கக் கூடாது. 12 வோல்ட் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். டைனமோவிலிருந்து கரண்ட் வெளிவரும் பி பிளஸ் முனைக்கும் பேட்டரி பிளஸுக்கும் நடுவே சார்ஜ் ஆகும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர் முனையில் இருக்கும் லக்கைத் திறந்து பாருங்கள். உறைக்குள்ளே செம்பு கருத்திருக்கும். உப்புக் காற்றில் வெள்ளீயம் பூசிய வயரும், சூட்டில் சுருங்கும் உறையும்தான் நிற்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள், டைனமோவின் டயோடு அந்த நொடியே போய்விடலாம். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.

கடலில் சூடாகிவிட்டால்: பெல்ட் இருக்கிறதா, கடல் தண்ணீர் வெளியேறுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரி, ஆயில் பிரஷரும் இருக்கிறது என்றால் நியூட்ரலில் ஐடிலில் சில நிமிடம் ஓடட்டும், சீராக ஆறும். ஏதாவது ஒன்று இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கடல் வால்வை மூடி, ஸ்ட்ரெய்னரையும் இம்பெல்லரையும் பாருங்கள். கூலண்ட் டாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்த முடியும்வரை மூடியைத் தொடாதீர்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழும். ஆறிய பிறகு கொஞ்சம் ஊற்றி, கடல் வால்வைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் மெதுவாக நிரப்புங்கள். 20 லிட்டர் நல்ல தண்ணீர், கேஸ்கெட்டோடு ஒரு இம்பெல்லர், இரண்டு பெல்ட், கிளிப்புகள், ஃபியூஸ் இவை படகிலேயே இருக்கட்டும். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது, செல்ஃபைத் தொடாமல் விஎச்எஃபில் பக்கத்துப் படகைக் கூப்பிடுங்கள்.