ஆண்ட்ராய்டு போனின் சீரியல் எண்ணை நிரல் வழியாக எடுப்பது எப்படி?

செயலி எழுதத் தொடங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகளில் பெரும்பாலானவை இன்றைய போன்களில் பலிக்காது. ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பில் எது வேலை செய்யும் என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

நிரலில் வரும் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே முழுப் பெயரும் பட்டியலில் வந்துவிடும்.

படி 1: உண்மையான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

நிரல் தரும் விடை சரிதானா என்று ஒப்பிட ஓர் எண் கையில் வேண்டும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குள் சீரியல் எண் இருக்கும். அங்கேயே 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் வசதிகள் திறக்கும். அவற்றில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, போனைக் கணினியுடன் இணைத்து, கணினியின் கட்டளைத் திரையில் (முனையம்) இந்தக் கட்டளையைக் கொடுங்கள் (ஏடிபி என்பது கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி):

ஏடிபி டிவைசஸ்

பட்டியலில் இடப்பக்கம் தெரிவதே சீரியல் எண். வலப்பக்கம் 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால் போன் திரையில் அனுமதி கேட்டு ஒரு பெட்டி காத்திருக்கிறது என்று பொருள். வைஃபை வழியாக இணைத்திருந்தால் சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஐபி முகவரி தெரியலாம். ஆகவே கேபிளே நல்லது. சோதனைக்கூடத்தில் பத்துப் போன்களின் எண்களைத் திரட்டுவதுதான் உங்கள் தேவை என்றால், வேலை இத்துடன் முடிந்தது. செயலியே எழுத வேண்டியதில்லை.

படி 2: அனுமதி

செயலியின் விவரங்களை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் 'ரீட் ஃபோன் ஸ்டேட்' அனுமதியைச் சேருங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் இது மட்டும் போதாது. செயலி ஓடும்போதும் பயனரிடம் ஒப்புதல் கேட்டுப் பெற வேண்டும்.

படி 3: எண்ணைக் கேட்கும் வரி

ஆண்ட்ராய்டு 8-க்கு (நிரலில் அந்தப் பதிப்பைக் குறிக்கும் எண்: ஏபிஐ 26) முந்தைய போன்களில் 'பில்ட்.சீரியல்' என்ற மாறியைப் படித்தாலே எண் கிடைத்துவிடும். 8 முதல் அந்த மாறிக்குப் பதிலாக இதை எழுத வேண்டும்:

பில்ட்.கெட்சீரியல்()

எனவே முதலில் போனின் ஏபிஐ எண்ணைத் தரும் 'எஸ்டிகே இன்ட்' மதிப்பைப் பாருங்கள். 26-க்குக் குறைவு என்றால் மாறி, இல்லையென்றால் செயற்கூறு. இந்த வரிகளை பிழை வந்தாலும் செயலி நின்றுவிடாமல் காக்கும் ட்ரை-கேட்ச் கட்டுக்குள் வைப்பது கட்டாயம். காரணம் அடுத்த படியில்.

படி 4: ஆண்ட்ராய்டு 10-இல் விழும் பூட்டு

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரணச் செயலிகளுக்கு இந்த எண் கிடையாது. உங்கள் செயலி எந்த ஏபிஐ எண்ணுக்காக எழுதப்பட்டது என்று சொல்லும் 'டார்கெட் எஸ்டிகே' 29 அல்லது அதற்கு மேல் என்றால் 'செக்யூரிட்டி எக்ஸப்ஷன்' என்ற பிழை எழும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் பதிவுச் சாளரமான லாக்கேட்டில் அதன் செய்தியைப் படியுங்கள்: சாதன அடையாளங்களை அணுகுவதற்கான தகுதி இந்தப் பயனருக்கு இல்லை என்று, ஓர் எண்ணுடன் சொல்லும். அந்த எண் போனை வைத்திருப்பவரைக் குறிப்பதன்று. உங்கள் செயலிக்குக் கணினியமைப்பு கொடுத்த அடையாளம். ஆகவே பயனர் எத்தனை முறை 'அனுமதி' என்று தட்டினாலும் பயனில்லை. டார்கெட்டை 28-க்குக் குறைத்தாலும் 'அன்னோன்' என்ற சொல்தான் திரும்பி வரும்.

இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்பதே என் உறுதியான கருத்து. போனை முழுவதும் அழித்து இன்னொருவருக்கு விற்றாலும் சீரியல் எண் மாறாது. அதைக் கண்ட செயலிகளெல்லாம் சேமித்து வைத்தால், பழைய உரிமையாளரின் சுவடு புதியவரின் கைக்குப் போன பிறகும் தொடரும்.

படி 5: உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது

ஒரு போனை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவதுதான் நோக்கம் என்றால் 'ஆண்ட்ராய்டு ஐடி' போதும். அனுமதி எதுவும் வேண்டாம்:

செட்டிங்ஸ்.செக்யூர்.கெட்ஸ்ட்ரிங்(கன்டென்ட்ரிசால்வர், செட்டிங்ஸ்.செக்யூர்.ஆண்ட்ராய்டு_ஐடி)

விடையாக 64 பிட் எண் ஒன்று பதினாறடிமான வடிவில் வரும். ஆண்ட்ராய்டு 8 முதல் இது செயலியை உருவாக்கியவர் அதில் பதிக்கும் மின்னணுக் கையொப்பத்தின் சாவியைப் பொறுத்து வேறுபடும். சோதனைக்கான டீபக் பதிப்பிலும் வெளியீட்டுப் பதிப்பிலும் வெவ்வேறு மதிப்பு வந்தால் திகைக்க வேண்டாம். ஃபேக்டரி ரீசெட் செய்தால் மாறிவிடும். ஐபோனிலும் சீரியல் எண்ணைத் தரும் பொது வழி இல்லை. 'ஐடென்டிஃபையர் ஃபார் வெண்டார்' அதற்கு ஈடாகப் பயன்படுகிறது.

படி 6: நிறுவனத்துக்குச் சொந்தமான போன்கள்

கிடங்கிலோ கடையிலோ நிறுவனமே வாங்கிக் கொடுத்த டேப்லெட்டுகளைக் கணக்கு வைக்க வேண்டுமானால், சீரியல் எண் கேட்பது முறையான தேவைதான். அதற்கென உள்ள வழி, செயலியை 'டிவைஸ் ஓனர்', அதாவது போன் முழுவதையும் நிர்வகிக்கும் செயலி, ஆக்குவது. 'டிவைஸ் அட்மின் ரிசீவர்' வகுப்பு ஒன்றை எழுதி, மேனிஃபெஸ்டில் பதிவு செய்து, கணக்கு எதுவும் சேர்க்காத போனில் செயலியை நிறுவி, ஏடிபி ஷெல்லில் 'டிபிஎம் செட்-டிவைஸ்-ஓனர்' கட்டளையைக் கொடுங்கள். கூகுள் கணக்கு ஒன்று இருந்தாலும் கட்டளை மறுக்கப்படும். வெற்றி பெற்றபின், படி 2-இன் அனுமதியும் இருந்தால், படி 3-இன் வரி ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகும் உண்மையான எண்ணைத் தரும்.

சோதிக்கும்போது மேனிஃபெஸ்டில் 'டெஸ்ட்ஒன்லி' மதிப்பை 'ட்ரூ' என்று வையுங்கள். அப்போதுதான் 'டிபிஎம் ரிமூவ்-ஆக்டிவ்-அட்மின்' கட்டளையால் உரிமையை நீக்க முடியும். இல்லையென்றால் செயலியை எடுக்கப் போனையே ரீசெட் செய்ய நேரலாம்.