ரோடு சுவரில் முட்டி நிற்கிறதா? புறநகர் வளரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் பின்தெரு மளிகைக்கடைக்காரர் ஷட்டர் ஏற்றுவது தெரியும். ஆனால் அங்கே போய் ஒரு பாக்கெட் தயிர் வாங்க மெயின் ரோடு வரைக்கும் போய்ச் சுற்றி வரவேண்டும், ஏனென்றால் எங்கள் லேஅவுட்டின் 30 அடி ரோடு ஒரு காம்பவுண்டு சுவரில் முட்டி நிற்கிறது, அந்தப் பக்கத்து லேஅவுட்டின் ரோடும் அதே சுவரில்தான் முட்டுகிறது. இரண்டுமே அப்ரூவல் வாங்கியவை. இரண்டு வரைபடத்தையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தாம்பரம், மேடவாக்கம், ஊரப்பாக்கம் என்று சென்னையின் தெற்கே எங்கே போனாலும் இந்தக் கதைதான். ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தீவாகப் பார்த்து அனுமதி கொடுத்தால், பால் வாங்கப் போகிறவரும் வேலைக்குப் போகிறவரும் ஒரே மெயின் ரோட்டில்தான் வந்து விழுவார்கள். அப்புறம் மேம்பாலம் கேட்டு மனு கொடுப்போம். இணைப்புச் சாலைகளை முதலில் வரைந்துவிட்டு, லேஅவுட்களை அதற்குள் பொருத்துவதுதான் முறை.

அடுத்தது தண்ணீர். ஏரிக்குள் வீடு கட்டக்கூடாது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது வாய்க்காலை. நம் ஏரிகள் சங்கிலி மாதிரி, ஒன்று நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) வழியாக வழிந்து அடுத்ததற்குப் போகும். சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் பக்கத்து உபரி நீரெல்லாம் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர வேண்டும். ஏரியைச் சுற்றி வேலி போட்டு, நடைபாதை கட்டி, பெஞ்சும் போட்டுவிட்டு, வரத்துக் கால்வாயைத் தெருவாக மாற்றிவிட்டால் அந்தத் தண்ணீர் வேறெங்கே போகும்? வீட்டுக்குள்தான். பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, நல்ல விஷயம். அதே சதுப்பில்தான் பெருங்குடி குப்பைமேடும் வளர்ந்தது.

இதில் எல்லைக் குழப்பம் வேறு. 2015 அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்க முடியாது. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, ஒட்டியே இருக்கும் முடிச்சூர் ஊராட்சியாகவே வெளியில் நின்றது. அடையாற்றுக்கு வார்டு எல்லை தெரியாது. திட்டம் போடுகிறவர்கள் நீர் வடியும் பரப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும், தங்கள் அலுவலகத்தின் எல்லையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

வேலைகளின் வரிசை மாறுவது இன்னொரு பெரிய தவறு. வெளியூர்ப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. இடம் தாராளம், கட்டடம் பிரமாதம். ஆனால் திறந்தபோது அங்கே ரயில் நிலையம் இல்லை, ஜிஎஸ்டி சாலையை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) தாண்ட நடைமேம்பாலமும் இல்லை. ராத்திரி பெட்டியும் குழந்தையுமாக இறங்கியவர்கள் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். முனையத்தோடு சேர்த்தே அதற்கு வந்துபோகும் வழியும் தயாராகியிருக்க வேண்டும்.

தெருவுக்குள்ளும் இதே கதைதான். முதலில் வீடு, பிறகு ரோடு, அதைத் தோண்டி குடிநீர்க் குழாய், மறுபடி தோண்டி பாதாளச் சாக்கடை. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் ரோடு ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் தெருவின் முதல் வீட்டுக்காரர் கட்டும்போது மூன்று படி வைத்து ஏறினார், இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வாசலுக்குப் போகிறார். சாக்கடை வராத இடங்களில் செப்டிக் டேங்க் லாரிதான் கதி, அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேட்டால் யாரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

பூங்கா இடமா? லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைத்தே ஆக வேண்டும். பல லேஅவுட்களில் அது விற்காத மூலையில், முக்கோணமாக, பள்ளத்தில் இருக்கும். அதை ஏற்றுக்கொள்வது அதிகாரிகளின் தவறு, கேட்காமல் மனை வாங்குவது நம் தவறு.

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-ல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது 2046 வரை பார்க்கிறது. வரைவு வெளியானால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நம் சர்வே நம்பர் குடியிருப்பு வண்ணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் மூடி வைத்துவிடுவது. அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தெரு எந்தச் சாலையில் போய்ச் சேர்கிறது, மழைநீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறது, புலப்படத்தில் (சர்வே துறையின் நில வரைபடம்) இருக்கும் அந்த வாய்க்கால் வரைவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கருத்துச் சொல்லக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், இரண்டு படங்களின் நகலையும் இணைத்து.